கேட்டால் மணி சொல்லும் பொற்கடிகாரம்

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் திருப்பணியாற்றும் ஆயர்களிடம் சபை மக்கள் பலவகை ஆலோசனைகளை நாடி வருவது வழக்கம். நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு ஆகியவற்றோடு, பாட்டனார் காலத்துப் பொருள்களும் சில வேளைகளில் ஆயரின் மேசைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்று, தங்க உறையிட்ட பழைய சட்டைப்பைக் கடிகாரம். "ஐயா, இதை விற்றுவிடலாமா?" என்பதே பெரும்பாலும் எழும் கேள்வி. பொன்னின் விலை ஏறி நிற்கும் இந்நாளில் அக்கேள்விக்கு நகைக்கடைத் தராசு ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறது. உறை எடைக்கு எடை விலைபோய் உருக்கப்படுகிறது. உள்ளிருந்த இயந்திரம் குப்பைக்குப் போகிறது.

இத்தகைய கடிகாரங்களுள் அரிதாகச் சில, ஒலியால் நேரம் சொல்லும் ஆற்றல் உடையவை. உறையின் விளிம்பிலுள்ள சிறு நெம்பியைத் தள்ளினால், அந்த வேளையின் மணியையும் கால்மணியையும், சிலவற்றில் நிமிடங்களையுங்கூட, நுண்ணிய மணியோசையாக அவை எண்ணிச் சொல்லும். இவற்றை 'ரிப்பீட்டர்' என வழங்குவர். கேட்கும்போதெல்லாம் மணியைத் திரும்ப அடித்துச் சொல்வதால் இப்பெயர் வந்தது. இக்கடிகாரம் தோன்றிய வரலாறு, அது இயங்கும் முறை, நம் பகுதிக்கு அத்தகைய கடிகாரங்கள் வந்த வழி, அதனை வைத்திருப்போருக்கு நாம் கூறத்தக்கவை ஆகியவற்றை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

1. இருளில் எழுந்த தேவை

பகலில் நிழலைப் பார்த்துப் பொழுதை ஒருவாறு அறியலாம். இரவில் பொழுதறிவது எக்காலத்தும் கடினமாகவே இருந்தது. சங்க இலக்கியத்துள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், போர்ப்பாசறையில் தங்கியிருக்கும் அரசனுக்கு, சிறு நீர்க்கலத்தைக்கொண்டு நாழிகையை அளந்து, இரவில் இவ்வளவு சென்றது என்று வாயால் அறிவிப்போரைப் புலவர் நப்பூதனார் காட்டுகிறார். பொய் கூறாதவர் என்ற சிறப்பையும் அவர்களுக்கு அளிக்கிறார். பொழுதைச் சொல்பவனுக்கு இன்றியமையாத தகுதி அதுவே. ஏசாயா 21ஆம் அதிகாரத்தில் ஜாமக்காரனிடம் இரவைக் குறித்துக் கேட்கப்படும் கேள்வியும் இத்தேவையின் பின்னணியிலேயே பொருள்படுகிறது.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. தீக்குச்சி விற்பனைக்கு வந்தது 1827ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், நள்ளிரவில் விழித்த ஒருவர் கடிகார முகத்தைப் பார்க்க வேண்டுமானால், சிக்கிமுக்கிக் கல்லை உரசிப் பஞ்சில் பொறியேற்றி, அதிலிருந்து விளக்கை ஏற்ற வேண்டும். நோயாளியின் அருகில் விழித்திருப்போர், வழிப்பயணிகள், பார்வையற்றோர் ஆகிய அனைவருக்கும் காதால் அறியத்தக்க கடிகாரம் ஒரு வரமாகவே இருந்திருக்கும்.

1675ஆம் ஆண்டில் டச்சு நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், கடிகாரத்தின் அசைசக்கரத்துக்கு மயிர்வில் பொருத்தும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரே சட்டைப்பைக் கடிகாரம் நிமிடக் கணக்கில் நம்பத்தக்கதாயிற்று. நேரத்தைச் சரியாகக் காட்டத் தெரிந்த கருவிக்கே, அதனை ஒலியால் சொல்லக் கற்பிப்பதும் பயனுடையதாகும்.

2. ஒரு குருவும் ஒரு குவேக்கரும்

மணியடிக்கும் கடிகாரத்தைச் சீர்திருத்தி, விரும்பிய வேளையில் மீண்டும் அடிக்கச் செய்யும் வழியைக் கண்டவர் எட்வர்ட் பார்லோ என்னும் ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு. அவரது இயற்பெயர் பூத். கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்த நாளில் இங்கிலாந்தில் பணியாற்றிய அவர், 1676ஆம் ஆண்டளவில் சுவர்க்கடிகாரத்திலும், அதன்பின் சட்டைப்பைக் கடிகாரத்திலும் தம் முறையைப் பொருத்தினார். அவருக்காகக் கடிகாரம் செய்து தந்தவர் அக்காலத்தின் புகழ்பெற்ற கைவினைஞரான தாமஸ் டாம்பியன்.

பார்லோ இதற்குத் தனியுரிமை வேண்டி விண்ணப்பித்தபோது, லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கம் அதனை எதிர்த்தது. சங்கத்தார் முன்னிறுத்தியவர் டேனியல் குவாரே. அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அரசத் திருச்சபையின் குருமாருக்குரிய வரியைச் செலுத்த மனச்சாட்சி இடந்தராமையால் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டவர். வழக்கு 1687ஆம் ஆண்டில் இரண்டாம் ஜேம்ஸ் அரசரின் ஆலோசனைச் சபைக்கு வந்தது. அரசர் இருவருடைய கடிகாரங்களையும் தாமே சோதித்துப் பார்த்தார். பார்லோவின் கடிகாரத்தில் மணிக்கு ஒரு பொத்தானும் கால்மணிக்கு மற்றொரு பொத்தானும் இருந்தன. குவாரேயின் கடிகாரமோ ஒரே அழுத்தத்தில் இரண்டையும் சொல்லிற்று. அரசர் குவாரேயின் பக்கம் தீர்ப்பளித்தார்.

ஜேம்ஸ் அரசர் தாமும் கத்தோலிக்கர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தம் சமயத்துக் குருவின் கோரிக்கையை ஒதுக்கி, குவேக்கர் ஒருவரின் வேலைப்பாட்டை அவர் மேலானதாகக் கொண்டார். இந்நிகழ்ச்சியைப் பதிவுசெய்தவர் அப்மின்ஸ்டர் என்னும் ஊரில் பங்குக்குருவாக இருந்த வில்லியம் டெர்ஹாம். பின்னாளில் இயற்கை இறையியல் நூலாசிரியராகப் புகழ்பெற்ற இவர், 1696ஆம் ஆண்டில் கடிகாரத் தொழிலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கத்தோலிக்கக் குரு, ஒரு குவேக்கர், ஓர் ஆங்கிலிக்கன் குரு ஆகிய மூவரின் பெயர்களும் இச்சிறு கருவியின் பிறப்போடு இணைந்திருப்பது திருச்சபை வரலாறு பயில்வோர் அறியத்தக்க செய்தியாகும்.

3. ஜெனிவாவின் பங்கு

சட்டைப்பைக் கடிகாரத் தொழில் வளர்ந்த மற்றோர் இடம் ஜெனிவா. 16ஆம் நூற்றாண்டில் கால்வினின் சீர்திருத்தம் அந்நகரில் வேரூன்றியபோது, ஆடம்பர அணிகலன்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. வேலை குறைந்த பொற்கொல்லர்கள், பயன்பாட்டுக் கருவியாகிய கடிகாரத்தின்பால் தம் கைத்திறனைத் திருப்பினர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். பிரான்சிலிருந்து சமயத் துன்பத்துக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் இத்தொழிலறிவைத் தம்முடன் கொண்டு வந்தனர். 1601ஆம் ஆண்டிலேயே ஜெனிவாவில் கடிகாரத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் இருந்தது. அணிகலனை விலக்கிய நகரம், காலப்போக்கில் உலகின் மிக அழகிய பொற்கடிகாரங்களை ஏற்றுமதி செய்யும் நகரமாயிற்று. பொன் ஒரு வாயிலால் வெளியேறி மறு வாயிலால் திரும்பி வந்தது எனலாம்.

தொடக்கக்கால ரிப்பீட்டர்களில் உறைக்குள் கிண்ணம் போன்ற சிறு மணி ஒன்று இருந்தது. ஆகவே கடிகாரம் தடித்திருந்தது. நியூஷாட்டெல் நகரில் பிறந்து பாரிசில் தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே என்பவர், 1783ஆம் ஆண்டளவில் மணிக்குப் பதிலாக எஃகுக் கம்பியை வளைத்துப் பொருத்தினார். இயந்திரத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் இக்கம்பியைச் சிறு சுத்தியல் தட்டும்போது இனிய ஓசை எழுகிறது. கடிகாரமும் மெல்லியதாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ரிப்பீட்டர்களில் நாம் பெரும்பாலும் காண்பது இவ்வமைப்பையே.

4. உள்ளே நடப்பது என்ன?

இக்கடிகாரம் நேரத்தை எவ்வாறு அறிந்து சொல்கிறது? அதன் உள்ளே 'நத்தை' எனப்படும் உறுப்புகள் உள்ளன. நத்தை ஓட்டைப் போன்று படிப்படியாக உயரம் குறையும் விளிம்புடைய தகடுகளுக்கே இப்பெயர். மணி நத்தையில் 12 படிகள். அது 12 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றி வருகிறது. கால்மணி நத்தையில் 4 படிகள். அது நிமிட முள்ளோடு மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது. நிமிடமும் சொல்லும் கடிகாரமாயின், நான்கு கரங்களுடைய மூன்றாவது நத்தை ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு கரத்திலும் 14 படிகள் வெட்டப்பட்டிருக்கும்.

நெம்பியை நாம் தள்ளும்போது, அத்தள்ளலின் விசையே ஒரு சிறு சுருள்வில்லை முறுக்குகிறது. மணியடிப்பதற்கான ஆற்றல் கேட்பவரின் விரலிலிருந்தே வருகிறது. அதே வேளையில், பல் வெட்டப்பட்ட சட்டம் ஒன்றின் நுனி, மணி நத்தையின் எந்தப் படி எதிரே நிற்கிறதோ அதன்மேல் சென்று தொடுகிறது. ஒரு மணியாயின் படி உயரமாயிருப்பதால் சட்டம் சிறிதளவே நகரும். பன்னிரண்டு மணியாயின் படி மிகத் தாழ்ந்திருப்பதால் சட்டம் நெடுந்தொலைவு நகரும். எத்தனை பற்கள் நகர்ந்தனவோ, திரும்பி வரும்போது அத்தனைமுறை சுத்தியல் கம்பியைத் தட்டும்.

எடுத்துக்காட்டாக, 2 மணி 38 நிமிடத்தில் நெம்பியைத் தள்ளினால், முதலில் தாழ்ந்த ஓசை இருமுறை கேட்கும், அது மணி. அடுத்து உயர்ந்த ஓசையும் தாழ்ந்த ஓசையும் இணைந்து இருமுறை கேட்கும். அவை இரண்டு கால்மணிகள், அதாவது 30 நிமிடம். இறுதியில் உயர்ந்த ஓசை எட்டுமுறை. அவை எஞ்சிய நிமிடங்கள். மிக நீண்ட விடை 12 மணி 59 நிமிடத்துக்கு உரியது. அப்போது 12 மணியடியும், 3 இரட்டையடியும், 14 நிமிட அடியுமாகச் சுத்தியல்கள் 32 முறை தட்ட வேண்டும். கால்மணி வரை மட்டும் சொல்லும் கடிகாரங்களே எண்ணிக்கையில் அதிகம். நிமிடமும் சொல்பவை செய்வதற்கு மிகக் கடினமானவை.

5. முழு விடை அல்லது மௌனம்

இவ்வியந்திரத்தில் நமது சிந்தனைக்குரிய உறுப்பு ஒன்று உண்டு. தொடக்கக்கால ரிப்பீட்டர்களில் ஒரு பெருங்குறை இருந்தது. பொத்தானை இறுதிவரை அழுத்தாமல் பாதியில் விட்டால், சட்டம் நத்தையைத் தொடாமலே திரும்பிவிடும். பத்து மணி ஆகியிருக்க, கடிகாரம் ஆறு மணி என்று அடிக்கும். கேட்பவர் இருளில் இருக்கிறார். அவரால் அதனைச் சரிபார்க்க இயலாது. தெளிவான ஓசையில் சொல்லப்படும் பிழையை அவர் நம்பிவிடுவார்.

இக்குறையை நீக்கக் கடிகாரத் தொழிலாளர் ஒரு தடுப்பு உறுப்பை அமைத்தனர். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். சட்டத்தின் நுனி நத்தையை உண்மையாகவே தொட்டு அழுத்தினால்தான் இவ்வுறுப்பு விலகிச் சுத்தியல்களை விடுவிக்கும். தொடாவிட்டால் கடிகாரம் வாய் திறவாது. அரைகுறையாகக் கேட்டவருக்கு அரைகுறை விடை கிடையாது; மீண்டும் முழுமையாகக் கேட்க வேண்டும். பிழையாகச் சொல்வதைவிடச் சொல்லாதிருப்பது மேல் என்பதனை உலோகத்திலேயே வெட்டி வைத்துவிட்டனர்.

பிறர் சரிபார்க்க இயலாத நேரங்களில் அவர்களுக்கு விடை சொல்லும் கடமை ஆயருக்கும் உண்டு. நோய்ப்படுக்கையருகிலும் இழவு வீட்டிலும் கேட்கப்படும் கேள்விகள் இருளில் கேட்கப்படுபவையே. ஆதலால் இச்சிறு உறுப்பின் பணியை நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்வர். விரித்துரைக்கத் தேவையில்லை.

6. சென்னையும் திருவள்ளூரும்

நம் பகுதியில் கடிகாரம் வாழ்க்கைத் தேவையானதற்கு இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, சென்னை வானாய்வுக்கூடம். 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிறுவிய இக்கூடத்தில், விண்மீன்களின் நகர்ச்சியைக் கொண்டு நேரம் கணிக்கப்பட்டது. அக்கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. இங்குக் கணித்த 'சென்னை நேரம்' 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இரயில்வேக்கள் பின்பற்றும் பொது நேரமாக விளங்கிற்று. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இந்தியத் தர நேரம் நடைமுறைக்கு வந்தது. அது சென்னை நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது.

இரண்டாவது காரணம் இரயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குச் சென்றது. அப்பாதை திருவள்ளூர் வழியே செல்வது. அதுவரை நாழிகையாலும் கோயில் மணியாலும் பொழுதறிந்த ஊர்கள், நிமிடக் கணக்கில் வந்துபோகும் வண்டியோடு பழக வேண்டியிருந்தது. நிலைய அலுவலரும், நீதிமன்ற எழுத்தரும், பள்ளி ஆசிரியரும் சட்டைப்பையில் கடிகாரம் வைத்துக்கொள்ளும் காலம் பிறந்தது.

இக்கடிகாரங்களை வாங்கும் இடமாக விளங்கியவற்றுள் தலையாயது, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சென்னையில் தொழில் நடத்திய பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம். பீட்டர் ஆர் என்னும் கடிகாரத் தொழிலாளர் இதனை நிறுவினார். மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், இராபர்ட் சிசோம் வடிவமைத்த அதன் மணிக்கூட்டுக் கட்டடம் பலரும் அறிந்தது. ஐரோப்பாவில் செய்யப்பட்ட கடிகாரங்களின் முகப்பில் இத்தகைய நிறுவனங்கள் தம் பெயரையும் ஊரையும் எழுதி விற்பது அக்கால வழக்கம். ஆகவே முகப்பில் 'மெட்ராஸ்' என்ற எழுத்தைக் காண்போர், கடிகாரம் இங்கே செய்யப்பட்டது என்று கொள்ளலாகாது. இயந்திரம் இங்கிலாந்தையோ சுவிட்சர்லாந்தையோ சேர்ந்ததாயிருக்கும். எனினும் அவ்வெழுத்து, அக்கடிகாரம் நம் நாட்டவரின் அல்லது இங்கு வாழ்ந்தவரின் கைக்கென்றே வந்தது என்பதற்குச் சான்றாகும்.

முதல் உலகப் போருக்குப்பின் கைக்கடிகாரம் பரவிற்று. சட்டைப்பைக் கடிகாரம் பெட்டிக்குள் போயிற்று. மின்விளக்கு வந்தபின் ஒலியால் நேரமறியும் தேவையும் குறைந்தது. இப்பொழுது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவுப்பணிக்குச் செல்லும் தொழிலாளருக்கு ஆலைச்சங்கும் கைப்பேசியுமே நேரம் சொல்கின்றன.

7. ஆயர் செய்யக்கூடியவை

கும்மிடிப்பூண்டியிலுள்ள எஃகு ஆலைகளின் உலைகளில் பழைய இரும்பு உருகிப் புதிய கம்பியாகிறது. இரும்புக்கு அது நல்வாழ்வே. பழைய கம்பி தன் பணியைப் புதிய உருவில் தொடர்கிறது. மணி சொல்லும் கடிகாரத்தின் நிலை வேறு. உறை உருகியபின் பொன் மட்டுமே எஞ்சும். நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கையால் அரவித் திருத்திய உழைப்பு மீளாது. ஆகவே விற்பதா வைத்திருப்பதா என்பதனைக் குடும்பத்தார் தீர்மானிக்குமுன், தம் கையிலிருப்பது யாது என்பதனை அவர்கள் அறியச் செய்வது நம் கடமை. பணமுடையில் விற்பவரைக் குறைகூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. அறியாமையால் குறைந்த விலைக்கு விற்காதபடி உதவலாம். அதற்குப் பின்வரும் குறிப்புகள் பயன்படும்.

முதலாவதாக, கடிகாரத்தை அடையாளம் காணவேண்டும். உறையின் விளிம்பில் நழுவும் நெம்பியோ, காதுவளையத்தின் அடியில் உள்ளே அழுந்தும் தண்டோ இருந்தால் அது ரிப்பீட்டராக இருக்கக்கூடும். பின்மூடியைத் திறந்தால் இயந்திரத்தைச் சுற்றி வளைந்த எஃகுக் கம்பியும், சிறு சுத்தியல்களும் தெரியும்.

இரண்டாவதாக, பொன்னின் தரத்தை அறியவேண்டும். நம் நகைகள் பெரும்பாலும் 22 காரட், அதாவது 91.6 விழுக்காடு பொன். கடிகார உறைகளோ 18 காரட் ஆயின் 75 விழுக்காடும், 14 காரட் ஆயின் 58.5 விழுக்காடும், 9 காரட் ஆயின் 37.5 விழுக்காடுமே பொன் உடையவை. '20 ஆண்டு உத்தரவாதம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டவை, மட்ட உலோகத்தின்மேல் பொன் தகடு போர்த்தியவை. உள்மூடியும் பல கடிகாரங்களில் பித்தளையே. ஆகவே முழுக் கடிகாரத்தின் எடையைக் கொண்டு பொன்னின் அளவைக் கணக்கிட இயலாது. எடைக்கு விற்போர் எதிர்பார்த்த தொகை பெறாமல் திரும்புவதற்கு இதுவே காரணம். இயங்கும் ரிப்பீட்டர் ஒன்று அதன் பொன்னைவிடப் பன்மடங்கு விலை பெறக்கூடும் என்பதனையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, நெம்பியைத் தள்ளிப் பார்க்கும் ஆவலை அடக்கவேண்டும். நெடுநாள் எண்ணெயின்றிக் கிடந்த இயந்திரத்தை வலிந்து இயக்கினால் பற்கள் முறியும். இயங்கும் நிலையிலுள்ளதாயின், நெம்பியை மெதுவாக இறுதிவரை தள்ளி விட்டுவிட வேண்டும். ஓசை முடியுமுன் மீண்டும் தள்ளுவதோ, முள்ளைத் திருப்புவதோ கூடாது. பழுது பார்ப்பதற்கு, இவ்வகை இயந்திரத்தை முன்னரே கையாண்ட ஒருவரைத் தேடுவது நலம்.

நான்காவதாக, பாதுகாப்பு. பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள கடலோர ஊர்களின் உப்புக்காற்று எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பியின் ஓசை மழுங்கிவிடும். கடிகாரத்தை ஈரமில்லாத பெட்டியில் வைக்க வேண்டும். பல்பொடியோ சாம்பலோ இட்டு உறையைத் தேய்த்தால் முத்திரைகளும் பெயர்களும் அழிந்துபோம்.

ஐந்தாவதாக, சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருள்களும் கைவினைப் பொருள்களும் தொல்பொருளாகக் கருதப்படலாம். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடையுண்டு. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புவோரும், வெளிநாட்டில் விற்க எண்ணுவோரும் முதலில் இந்தியத் தொல்லியல் துறையைக் கேட்டுத் தெளிவது அவசியம்.

இறுதியாக, குடும்பத்தார் எவ்வகை முடிவு செய்தாலும், அதற்குமுன் உள்மூடியைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்வோம். பணி ஓய்வின்போது வழங்கப்பட்ட கடிகாரங்களில், பெற்றவரின் பெயரும், வழங்கியவரும், நாளும் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. ஆசிரியர்கள், உபதேசியார்கள், இரயில்வே ஊழியர்கள் ஆகியோரைப் பற்றி நம் சபைகளின் பதிவேடுகளில் உள்ளவை மிகச் சில வரிகளே. அவ்வெழுத்துகளை அப்படியே படியெடுத்து, ஒரு நிழற்படமும் சேர்த்து, சபைப் பதிவேட்டிலும் திருமண்டல ஆவணக் காப்பகத்திலும் வைக்க அரைமணி நேரம் போதும். கடிகாரம் நகைக்கடைக்குப் போகும் நாளுக்கு முன்னரே அந்த அரைமணியை ஒதுக்குவோமாக.